மலாக்காவின் குட்டை அலை, வங்கக் கடலின் பின்பக்க அலை: 32 அடிப் பாய்மரப் படகில் எந்த உடல் எடுக்கலாம்?

வாடைப்பாய் – கேள்வி

வணக்கம். வாங்கப்போகும் பாய்மரப் படகு நிற்கப்போவது பினாங்கில். வருடத்தில் பத்து மாதம் ஓட்டம் பினாங்கு, லங்காவி, புக்கெட் வட்டாரத்துக்குள்தான். ஜனவரி கடைசியில் வாடைக்காற்றைப் பிடித்து லங்காவியிலிருந்து இலங்கையின் காலித் துறைமுகம், அங்கிருந்து திருகோணமலை, முடிந்தால் காங்கேசன்துறை வரை போகத் திட்டம். இரண்டு பேர் மட்டும். மூன்று படகுகள் விலைக்கு இருக்கின்றன:

அ. கான்டெசா 32. நீர்க்கோட்டு நீளம் (தண்ணீரைத் தொடும் நீளம்) 24 அடி, அகலம் 9.5 அடி, எடை 9,500 பவுண்டு, அதில் 4,500 கீலில் (படகின் அடியில் தொங்கும் கனம்). நீருக்குள் ஆழம் 1.68 மீட்டர். சுக்கானுக்கு முன்னால் அதைத் தாங்கும் ஸ்கெக் உண்டு.

ஆ. 2010க்குப் பின் வந்த 32 அடிப் படகு. நீர்க்கோடு 29 அடி, அகலம் 11 அடி, எடை 10,500 பவுண்டு. அகலம் அமரம் (பின்முனை) வரை குறையாமல் போகிறது. ஆழம் 1.9 மீட்டர், ஒல்லியான ஃபின் கீல், முன்தாங்கல் இல்லாமல் தனியே தொங்கும் ஒற்றை ஸ்பேட் சுக்கான்.

இ. 37 அடி காட்டமரான், இரட்டை உடல். அகலம் 20 அடி, சரக்கோடு 6.5 டன், ஆழம் 1.1 மீட்டர்.

மூன்றையும் விற்பவர்கள் "நல்ல கடல் படகு" என்றே சொல்கிறார்கள். எந்தக் கடலுக்கு என்று திருப்பிக் கேட்டால் பதில் இல்லை. தாளில் போட்டிருக்கும் விகிதக் கணக்குகளை எவ்வளவு நம்பலாம்? அடிநெடுக ஓடும் நீளக் கீல்தான் பாதுகாப்பு என்பது உண்மையா?

---

கோட்டுப்படம்

படகை வைத்துவிட்டு முதலில் அலையைப் பாருங்கள். உங்கள் திட்டத்தில் ஒரு கடல் இல்லை, குறைந்தது மூன்று இருக்கின்றன. உயரத்தை மட்டும் கேட்டால் ஏமாந்துபோவீர்கள். இரண்டு முகடுகளுக்கு நடுவே எத்தனை விநாடி என்பதுதான் உடலின் வடிவத்துக்கு வேலை வைக்கிறது. ஆழ்கடலில் அலையின் நீளம் மீட்டரில் வேண்டுமானால் விநாடியை விநாடியால் பெருக்கி, 1.56ஆல் பெருக்குங்கள்.

மலாக்கா நீரிணையில் வழக்கமாக வருவது 4 முதல் 5 விநாடி அலை. நீளம் 25 முதல் 39 மீட்டர். உயரம் ஒரு மீட்டர்தான் என்றாலும், 10 மீட்டர் படகு முகட்டில் ஏறி மூக்கு இறங்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். காற்றை எதிர்த்து 45 பாகையில், 5 நாட் வேகத்தில் (மணிக்கு 5 கடல் மைல்) ஓடினால், 4.5 விநாடி அலை உங்களுக்கு 3.6 விநாடிக்கு ஒருமுறை வரும். 2 நாட் நீரோட்டம் காற்றுக்கு எதிராகத் திரும்பினால் அதே அலை இன்னும் செங்குத்தாகும்.

கிரேட் நிகோபாரைத் தாண்டி வங்கக் கடலுக்குள் வந்தால் வாடை 15–20 நாட், அலை 2 முதல் 2.5 மீட்டர், 7 விநாடி. நீளம் 76 மீட்டர். நீங்கள் மேற்கே போகிறீர்கள், அலை தென்மேற்கே போகிறது. 6 நாட் வேகத்தில் அது உங்களைச் சந்திப்பது 8.7 விநாடிக்கு ஒருமுறை, வலது பின்மூலையில். கூடவே தெற்குப் பெருங்கடலிலிருந்து 12–14 விநாடி ஸ்வெல் (தொலைவில் கிளம்பி வரும் நீள அலை) இடது பக்கமாக வந்து சேரும். அந்த ஸ்வெல் 200 மீட்டருக்கு மேல் நீளம், தனியாக அது ஒன்றும் செய்யாது. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் நேரத்தில் படகு ஒரு கோணலான ஆட்டம் ஆடும்.

நடுவில் அந்தமான் கடல். அங்கே ஆழத்தில் ஓடும் உள்ளலைகளால் மேற்பரப்பில் பட்டைபட்டையாகக் கொந்தளிப்பு வரும். அமைதியான கடலில் தொடுவானம் முதல் தொடுவானம் வரை ஒரு கோடு போட்டாற்போல, ஒன்றரை, இரண்டு மீட்டர் உடையும் குட்டை அலைகள் தெரியும். பட்டையைத் தாண்டினால் மறுபடி அமைதி. படகுக்கு ஆபத்தில்லை, மூடாத முன்பக்க ஹாட்ச்சுக்கு (மேல்தளத் திறப்புக்கு) ஆபத்து.

மூன்றாவது பாக் நீரிணை. அலை நீளத்தில் பாதியைவிடக் கடல் ஆழம் குறைந்தால் அலை தரையை உணரும். 4.5 விநாடி அலைக்கு அந்த எல்லை 16 மீட்டர். பாக் குடாவில் பல இடங்களில் 10 மீட்டரே தேறாது. அங்கே வாடை வீசினால் மலாக்காவைவிட மோசமான சுவர் மாதிரி அலைதான்.

இப்போது கணக்கு. எடை-நீள விகிதம்: எடையைப் பிரிட்டிஷ் டன்னில் (2,240 பவுண்டு) எடுத்து, நீர்க்கோட்டு அடியை நூறால் வகுத்து, அதன் மூன்றாம் அடுக்கால் எடையை வகுத்தால் 'அ' 307, 'ஆ' 192. கவிழ்வுக் கணக்கு: பவுண்டு எடையை 64ஆல் வகுத்து, கனமூலம் எடுத்து, அகல அடியை அதனால் வகுக்க வேண்டும். 2க்குக் கீழே இருந்தால் கடல் கடக்கலாம் என்பது மரபு. 'அ' 1.79, 'ஆ' 2.01. படகு வடிவமைப்பாளர் டெட் பிரூவரின் ஆட்டச் சுகக் கணக்கில் 'அ' 27.5, 'ஆ' 22. எண் கூடினால் ஆட்டம் மெதுவாக இருக்கும். உடல் வேக எல்லை (1.34 பெருக்கல் நீர்க்கோட்டு அடியின் வர்க்கமூலம்) 'அ'வுக்கு 6.6 நாட், 'ஆ'வுக்கு 7.2 நாட்.

இதன்படி வங்கக் கடலுக்கு 'அ', மலாக்காவின் இளங்காற்றுக்கு 'ஆ' என்று முடித்துவிடலாம். அவ்வளவு எளிதில்லை. அதை மற்றவர்கள் சொல்வார்கள் என்று நினைக்கிறேன்.

---

ஏராக்கட்டை

சொல்றேன். கவிழ்வுக் கணக்குல கீல் எங்க இருக்குன்னே கேள்வி இல்ல, கவனிச்சீங்களா? அந்த 4,500 பவுண்டு ஈயத்தைக் கழட்டி மாஸ்ட் உச்சியில கட்டுங்க, விடை அதே 1.79தான் வரும். 1979ல பிரிட்டன் பக்கம் நடந்த ஃபாஸ்ட்நெட் பாய்மரப் போட்டிக்கு அப்புறம் சட்டுனு ஒரு வடிகட்டி வேணும்னு வந்த கணக்கு அது. அந்த வருசம் ஆகஸ்டுல 303 படகு கிளம்பி 85தான் முடிச்சது, போட்டியில இருந்த 15 பேர் செத்தாங்க. அப்போதைய போட்டி விதிக்காக நடுவுல அகலமா, லேசா, இரண்டு முனையும் கிள்ளிவிட்ட மாதிரி கட்டுன படகுங்க நிறைய. சிலது கவிழ்ந்ததும் தலைகீழாவே மிதந்துச்சு. மிகச் சின்ன வகுப்புல முடிச்ச ஒரே படகு ஒரு கான்டெசா 32. அதனாலதான் அந்தப் பேருக்கு இன்னிக்கும் விலை.

கேக்க வேண்டிய தாள் ஸ்திரத்தன்மை வளைவு. எத்தனை பாகை சாய்ஞ்சா படகு தானா நிமிர மறுக்கும்னு அதுல இருக்கும், ஏவிஎஸ்னு போட்டிருப்பாங்க. கான்டெசாவுக்கு 150க்கு மேல. ஐரோப்பிய 'ஏ' வகை முத்திரைக்கு 130லேருந்து ஆயிரம் கிலோவுக்கு 2 பாகை கழிச்சாப் போதும். 'ஆ' 4,760 கிலோ, அப்ப 120.5 இருந்தாலே 'ஏ' முத்திரை கிடைக்கும். 150ம் 'ஏ', 121ம் 'ஏ'. முத்திரையப் பாத்து வாங்காதீங்க. மாஸ்டுக்குள்ள சுருட்டுற மெயின் பாய், உச்சியில ரேடார்னு பின்னாடி சேத்திருந்தா அந்தக் கோணத்துல சில பாகை போயிருக்கும். வளைவு புதுப் படகுக்குப் போட்டது, உங்க படகுக்கில்ல.

அடுத்தது நீளக் கீல். நேரா ஓடும், சுக்கானை விட்டாலும் அலையாது, முன்பாயை எதிர்ப்பக்கம் இழுத்துக் கட்டி ஹீவ்-டூ போட்டா, அதாவது ஓட்டத்தை நிறுத்தி வெச்சா, அமைதியா நிக்கும். இதெல்லாம் நிஜம். கவிழாதுங்கறது நிஜமில்ல. தனியாளா உலகத்தைச் சுத்துற 2018 கோல்டன் குளோப் போட்டியில விதியே நீளக் கீல், 32லேருந்து 36 அடி. முடிச்சது அஞ்சு பேர். நம்ம அபிலாஷ் டோமியோட படகு துரியா, முதன்முதல்ல தனியாளா நிக்காம உலகம் சுத்துன சுஹைலியோட நகல், கோவாவுல கட்டுனது, செப்டம்பர்ல தென் இந்தியப் பெருங்கடல்ல உருண்டு மாஸ்ட் போச்சு, அவருக்கு முதுகெலும்பு அடிபட்டுச்சு. அடுத்த போட்டியில ரஸ்ட்லர் 36ல, அதுவும் நீளக் கீல்தான், இரண்டாவதா வந்தார். கீல் மாறல, கடல் மாறுச்சு.

உருட்டுறது காத்து இல்ல, பக்கவாட்டுல வந்து உடையுற அலை. மாதிரிப் படகு வெச்சுத் தொட்டியில பாத்த கணக்குல, படகு நீளத்துல 30 சதவீத உயரம் உடைஞ்சு பக்கத்துல அடிச்சா ஆபத்து ஆரம்பம், 60 சதவீதம்னா எந்த வடிவமும் உருளும். 32 அடிக்கு 2.9 மீட்டர், 5.85 மீட்டர். கடற்படையோட தாரிணி 56 அடி, அதுக்கு முதல் எல்லையே 5.1 மீட்டர். 2024–25ல புதுச்சேரி ரூபாவும் தில்னாவும் உலகத்தைச் சுத்துனது அந்தப் படகுல. நீளத்துக்கு ஈடா எந்தக் கீலும் வராது. ஆனா வாடை சீசன்ல வங்கக் கடல்ல 2.5 மீட்டர் அலை நெடுக உடையாது, தலையில வெள்ளை கட்டும், அவ்வளவுதான். உங்க பயணத்துக்கு உருளுறது பெரிய பயம் இல்ல.

பெரிய பயம் ப்ரோச். அதாவது பின்மூலையில வர்ற அலை அமரத்தைத் தூக்கி, படகு தானா காத்துப் பக்கம் திரும்பி, பக்கவாட்டா விழறது. இத வடிவத்தோட சேத்துப் பாருங்க.

அலை முகட்டுல தண்ணியே முன்னால ஓடும். எவ்வளவுன்னா 3.14 பெருக்கல் உயரம் வகுத்தல் விநாடி. 2.5 மீட்டர், 7 விநாடிக்கு 1.12 மீட்டர், அதாவது 2.2 நாட். படகு 6 நாட்ல ஓடுது, அலை நேர் பின்னாடி, தண்ணி 2.2 நாட்ல கூடவே ஓடுது. சுக்கான் மேல ஓடுறது 3.8 நாட்தான். சுக்கானோட பலம் வேகத்தோட வர்க்கத்துல போறதால, முகட்டுல உங்க கையில இருக்கறது 40 சதவீத சுக்கான். பின்மூலை அலைக்கு இவ்வளவு மோசமில்ல, பாதிக்குக் கொஞ்சம் மேல இருக்கும்.

அந்த நேரத்துலதான் 'ஆ' மாதிரி அகல அமரம் வேலையைக் காட்டும். காத்துப் பக்கப் பின்மூலையை அலை தூக்குது, அகலம் அதிகம், அதனால தூக்குதல் அதிகம். எதிர்ப் பக்கம் சாயுது, மூக்கு உள்ள இறங்குது. நடுவுல ஒத்தைச் சுக்கான், சாய்வு 25 பாகை தாண்டுனா பாதி வெளிய. தண்ணியோட சேத்துக் காத்தையும் உறிஞ்சிக்கிட்டு ஸ்பேட் சுக்கான் சட்டுனு பிடி விட்டுரும், முன்னறிவிப்பே இருக்காது. பெரிய அகலப் படகுங்களுக்கு ரெட்டைச் சுக்கான் வெக்கிறது அழகுக்கில்ல. 'அ'வுல அமரம் ஒடுக்கம், தூக்குதல் கம்மி, சுக்கான் உள்ளயே இருக்கும். பதிலுக்கு அது இடமும் வலமும் ஊஞ்சலாடும், பத்து நாளும் ஆடும், சோறு பொங்க முடியாது. எது தேவலைன்னு நீங்கதான் சொல்லணும்.

'ஆ' எடுத்தீங்கன்னா ஓட்டுற முறை: பின்மூலைக் காத்துல முதல்ல மெயினைக் குறைங்க, முன்பாயை வைங்க. 15 நாட்ல முதல் ரீஃப் (பாயைச் சுருக்கிக் கட்டுறது), 20ல இரண்டாவது. முன்பாயைக் கழி போட்டு வெளிய நிறுத்துங்க. பூம் (மெயினோட அடிக்கழி) நுனியிலேருந்து அணியத்துக்கு (முன்முனைக்கு) ஒரு கயிறு கட்டி பூமைப் பிடிச்சு வைங்க, பூம் நடுவுல கட்டாதீங்க, ஒரு தடவை தண்ணியில முக்குனா பூம் அங்கயே மடியும். சாய்வு 15–20 பாகையைத் தாண்ட விடாதீங்க. சுக்கான் 5–7 பாகைக்கு மேல தொடர்ந்து திரும்பியே நின்னா அது சுக்கான் இல்ல, பிரேக். பாய் ஜாஸ்தின்னு அர்த்தம்.

இன்னொண்ணு, இது உடலைப் பத்தி இல்ல. காலி போய்ட்டு அங்கேருந்து திருகோணமலைன்னா வாடைக்கு எதிரா கிழக்குக் கரை முழுக்க ஏறணும். லங்காவியிலேருந்து நேரா திருகோணமலைக்கே போங்க, 1,150 மைல் போல வரும், காத்து அப்பவும் பின்மூலைதான். உள்துறைமுகம் ஆழம், நல்ல மறைவு. காலிக்கு அங்கேருந்து இறங்குறது சுலபம்.

---

சுக்கான்பிடி

ஒரே விஷயம்தான். மலாக்காவில் இரவில் மீன்வலை, மழைக்குப் பிறகு மரக்கட்டை, இலங்கையை நெருங்கினால் மைல் கணக்கில் மிதவை வலை. கீலுக்கும் சுக்கானுக்கும் நடுவே ப்ரொப்பெல்லர் தொங்கும் 'ஆ'வில் கயிறு சுக்கான் மேல் விளிம்பில் செருகிக்கொள்ளும். ஸ்கெக் உள்ள படகிலும் ஸ்கெக்குக்கும் சுக்கானுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் அதே கதை. அந்த இடைவெளியின் அடிமுனையை ஒரு சின்னத் தகடால் மூடிவிடலாம். எஞ்சினை நியூட்ரலில் போட்டு வலை மேல் வழுக்கிப் போக முடிவது நீளக் கீலுக்கு மட்டும்தான்.

---

வாடைப்பாய்

நன்றி அண்ணே, நேராகத் திருகோணமலை என்பது மண்டையில் உறைத்தது. 'ஆ'வை இன்னும் விட மனமில்லை, இளங்காற்றில் ஓடுவது அதுதான். ஆனால் முன்னடி தட்டையாக இருக்கிறது. மலாக்கா அலையில் அறையும் என்கிறார்கள். அதைக் குறைக்க வழி இருக்கிறதா? இரண்டு பேருக்குப் பத்து நாள் சரக்கு ஏற்றினால் எந்தப் படகு கெடும்?

---

கோட்டுப்படம்

அறைவதற்குக் காரணம், தட்டையான முன்னடி தண்ணீரைத் தொடும் கணத்தில் தண்ணீருக்கு ஒதுங்க நேரம் கிடைக்காததுதான். அதே முன்னடி 15–20 பாகை சாய்ந்தால் தட்டைப்பகுதி ஒருபக்கமாகத் தூக்கி, தண்ணீரைத் தொடுவது ஒரு முனை மட்டும் ஆகிவிடுகிறது, V வடிவம் மாதிரி. எனவே குட்டை அலையில் இந்த உடலை நிமிர்த்தி ஓட்டுவது தவறு. எஞ்சினில், பாயில்லாமல், நேர் எதிரே போவது அதைவிடத் தவறு. காற்றுக்கு 42 பாகையில் இழுத்துப் பிடிக்காமல் 50க்கு விடுங்கள். மூக்கு அலையைச் சாய்வாகச் சந்திக்கும், சாய்வும் வரும். ஏராக்கட்டை சொன்ன 20 பாகை எல்லைக்குள்ளேயே இது அடங்கும்.

அறைதலோடு இன்னொரு நோயும் இருக்கிறது: படகு மூக்கையும் வாலையும் ஊஞ்சலாட்டி வேகத்தை இழப்பது. இதற்கு மருந்து சரக்கை எங்கே வைக்கிறீர்கள் என்பதில். 8 மில்லிமீட்டர் சங்கிலி 50 மீட்டர் என்றால் 70 கிலோ. அது ஈர்ப்பு மையத்திலிருந்து 4 மீட்டர் முன்னால் இருந்தால், ஊஞ்சலில் அதன் பங்கு 70 பெருக்கல் 16. மாஸ்டடியில், 2 மீட்டரில் வைத்தால் 70 பெருக்கல் 4. கால்பங்கு. கடலைக் கடக்கும்போது நங்கூரச் சங்கிலியை மாஸ்டடிக்குப் பின்னுக்கு இழுத்துக் கட்டிவைத்து, அணியத்தின் சங்கிலிக் குழாயைத் துணி திணித்து மூடுவதற்கு அரைமணி நேரம் போதும். பலர் செய்வதில்லை.

சரக்குக் கணக்கு இப்படி வரும். 1,150 மைல், நாளுக்கு 120 மைல் என்றால் பத்து நாள். தண்ணீர் ஆளுக்கு நாளுக்கு 4 லிட்டர், 80. பாதி சேமிப்பு சேர்த்து 120 லிட்டர். டீசல் மணிக்கு 2 லிட்டர், 75 மணிக்கு 150 லிட்டர், 126 கிலோ. ஆட்கள் 160 கிலோ, சங்கிலி 70, உயிர்காப்பு ராஃப்ட் 40, டிங்கியும் அவுட்போர்டும் 60, சாப்பாடு 80, கருவி, உதிரி, பேட்டரி 150. கூட்டினால் 800 கிலோ சொச்சம்.

'ஆ'வின் நீர்மட்டப் பரப்பு தோராயமாக 18 சதுர மீட்டர். ஒரு சென்டிமீட்டர் அமுங்க 184 கிலோ. 800 கிலோவுக்கு நாலரை சென்டிமீட்டர். 'அ'வின் பரப்பு பதினொன்றரை, சென்டிமீட்டருக்கு 118 கிலோ, கிட்டத்தட்ட 7 சென்டிமீட்டர் அமுங்கும். பார்க்க 'அ'தான் அதிகம் பாதிக்கப்படும் போலத் தோன்றும். கனமான, ஆழமான உடல் அமுங்கினாலும் அதன் வடிவம் மாறுவதில்லை, ஒரே மாதிரியான உடலின் இன்னொரு கோட்டில் மிதக்கிறது. 'ஆ'வில் நாலரை சென்டிமீட்டரில் அகல அமரத்தின் அடிவிளிம்பு தண்ணீருக்குள் போய், பின்னால் தண்ணீரை இழுத்துக்கொண்டு வரும். இளங்காற்றில் அது ஓடுகிறது என்று வாங்கிய காரணமே அங்கே போய்விடும். அமரத்துக்குக் கீழே லாக்கர் பெரிதாக இருக்கிறதே என்று எல்லாவற்றையும் அங்கே திணிக்க வேண்டாம். தண்ணீரும் டீசலும் நடுவில், தரைக்கு அருகில்.

---

இருகூடு

'இ'யைப் பற்றி யாரும் பேசவில்லை. நானே சொல்லிவிடுகிறேன், சாதகமாக மட்டும் இல்லை.

வாடையில் பின்மூலை அலைக்கு 'இ' மூன்றிலும் சுகம். ஊஞ்சல் கிடையாது, டம்ளரில் தேநீர் நிற்கும். பாக் குடாவுக்கு 1.1 மீட்டர் ஆழம் வரம். மலாக்காவில் எதிர்க்காற்றுக்கு மூன்றிலும் மோசம். இரண்டு உடலையும் இணைக்கும் தளத்தின் அடிப்பக்கம் தண்ணீரிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து பாருங்கள். நீளத்தில் 6 சதவீதமாவது வேண்டும், 37 அடிக்கு 68 சென்டிமீட்டர். விற்பனைத் தாளில் போட்டிருப்பது காலிப் படகின் அளவு. மேலே போட்ட 800 கிலோவை ஏற்றினால் இதிலும் நாலைந்து சென்டிமீட்டர் போகும். இடம் இருக்கிறதே என்று காட்டமரானில் யாரும் 800 கிலோவோடு நிறுத்துவதில்லை. 25 மீட்டர் நீள அலையில் அந்தத் தளத்தின் அடியில் விழும் அறை, மேஜையில் இருக்கும் தட்டைத் துள்ள வைக்கும்.

கவிழ்வது பற்றிக் கணக்கே போடலாம். 6,500 கிலோ, இரு உடல் மையங்களுக்கு நடுவே 5.2 மீட்டர் என்று வைத்தால் படகைப் பிடித்து வைக்கும் திருப்பம் 6,500 பெருக்கல் 2.6, அதாவது 16,900 கிலோ-மீட்டர். பாய் 70 சதுர மீட்டர், அதன் மையம் 7 மீட்டர் உயரத்தில். 20 நாட் பக்கக் காற்று ஏறத்தாழ 560 கிலோ தள்ளும், திருப்பம் 3,900. நாலே கால் மடங்கு கையிருப்பு இருக்கிறதே என்று தோன்றும். காற்றின் தள்ளு வர்க்கத்தில் ஏறுகிறது: 42 நாட்டில் அந்தக் கையிருப்பு பூச்சியம், காற்றுப் பக்க உடல் தண்ணீரை விட்டுத் தூக்கும். அதுவும் தட்டையான தண்ணீரில். அலை ஒருபக்கம் தூக்கியிருக்கும்போது அதற்கு முன்பே.

மலாக்காவில் சுமத்ரா என்று சொல்லும் அந்த விடியற்காலைச் சூறை ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை வரும், 40 நாட்டைத் தொடும். ஒற்றை உடல் படகு சாய்ந்து, காற்றைச் சிந்தி, "பாயைக் குறை" என்று சொல்லும். காட்டமரான் சொல்லாது. அதனால் சாய்வைப் பார்த்து ரீஃப் போடும் பழக்கத்தை விட்டு, காற்றுமானியைப் பார்த்துப் போட வேண்டும். 18 நாட்டில் முதல் ரீஃப், 24ல் இரண்டாவது, இரவில் முன்கூட்டியே ஒரு ரீஃப். மேற்கே கருமேக வளைவு தெரிந்தால் மெயினை இறக்கிவிடுங்கள்.

பேரை வைத்துக் குழப்பிக்கொள்வோர் உண்டு. நம் கட்டுமரம் கட்டைகளைச் சேர்த்துக் கட்டியது. கரையில் உடையும் அலை அதன் மேலேறி, இடுக்கு வழியே வடிந்துவிடும். நிரம்புவதற்கு அதில் உள்ளறையே இல்லை. சோழமண்டலக் கரையின் உடையலைக்கு அதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை. இரட்டை உடல் காட்டமரானுக்கு அந்த ஆங்கிலப் பேர் மட்டும்தான் அதிலிருந்து வந்தது, அந்தக் குணம் வரவில்லை.

இரண்டு பேர், வருடத்தில் பத்து மாதம் மலாக்கா என்றால் 'இ' வேண்டாம் என்பது என் கருத்து. மரினா வாடகையும் ஒற்றை உடலைவிட ஏறத்தாழ ஒன்றரை, இரண்டு மடங்கு கேட்பார்கள்.

---

கீல்போல்ட்

'ஆ' பக்கம் சாய்கிறீர்கள் போல. அப்படியானால் வடிவத்தைவிட அந்த ஒல்லிக் கீல் உடலோடு எப்படிச் சேர்ந்திருக்கிறது என்பதுதான் எனக்கு முதல் கேள்வி. 1.9 மீட்டர் ஆழம் வரை இறங்கும் கீல், மேலே குறுகிய வேர். தரைதட்டினால் கீலின் முன்பக்கம் கீழே இழுக்கும், பின்பக்கம் உடலை மேலே குத்தும். சேதம் தெரிவது எப்போதும் பின்முனைக்கு மேலே, உள்ளே. 2014 மே மாதம் அட்லாண்டிக்கில் சீக்கி ராஃபிக்கி என்ற 40 அடிப் படகின் கீல் கழன்று நால்வர் இறந்த விபத்தில், பிரிட்டிஷ் விசாரணை சுட்டியதும் இதைத்தான்: முந்தைய தரைதட்டல்களும் அதன் பின் செய்த ரிப்பேர்களும் உள்சட்டத்தின் ஒட்டைப் பலவீனப்படுத்தியிருக்கலாம் என்று.

படகைக் கரையேற்றி, கீல் தொங்கும் நிலையில் பாருங்கள், தாங்கி மேல் உட்கார்ந்திருக்கும்போது அல்ல. கீலுக்கும் உடலுக்கும் நடுவே உள்ள மூட்டில் தாள் நுழைகிற பிளவு முன்முனையில் இருந்தால் கேள்வி, பின்முனையில் இருந்தால் பெரிய கேள்வி. ஒருவர் கீலின் அடிமுனையைப் பக்கவாட்டில் தள்ளி ஆட்ட, இன்னொருவர் உள்ளே தரைப்பலகையைத் தூக்கி போல்ட்டுகளைத் தொட்டுப் பார்க்கட்டும். அசைவு விரலுக்குத் தெரியும். உள்சட்டம் அடிப்பரப்போடு ஒட்டியிருக்கும் விளிம்பைச் சின்ன பிளாஸ்டிக் சுத்தியலால் ஒரு கை அகலத்துக்கு ஒருமுறை தட்டுங்கள். கெட்டியான "டக்" வந்துகொண்டே போய் ஓரிடத்தில் பொத்தென்று மாறினால் அங்கே ஒட்டு விட்டிருக்கிறது. பில்ஜில் (படகின் அடிக்குழியில்) புதுப் பெயின்ட் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். போல்ட்டைச் சுற்றித் துரு வடிந்த தடம் இருந்தால் ஒரு போல்ட்டையாவது உருவிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

சுக்கானில், அடிமுனையைப் பிடித்து முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் ஆட்டுங்கள். 2–3 மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் பேரிங் தேய்ந்திருக்கிறது. சுக்கானைக் கரையேற்றிய மறுநாளும் அடியிலிருந்து தண்ணீர் சொட்டினால் உள்ளே ஸ்டீல் சட்டம் வரை ஈரம் போயிருக்கிறது என்று பொருள். ஏராக்கட்டை சொன்ன அந்த 40 சதவீதச் சுக்கானை அந்தச் சட்டம்தான் தாங்க வேண்டும்.

'அ'வை எடுத்தாலும் பழைய படகுதான், இதே சோதனை. கூடவே ஸ்கெக்கின் வேரில் வெடிப்பு இருக்கிறதா, மாஸ்டைத் தாங்கும் இடத்தில் டெக் அமுங்கியிருக்கிறதா, மாஸ்ட் கம்பிகளைப் பிடிக்கும் செயின்பிளேட்டின் அடியில் மரம் கறுத்திருக்கிறதா என்று பாருங்கள்.

எதுவானாலும் அமரத்தின் இரு மூலையிலும் ஜோர்டான் டிரோக்குக்கு (புயலில் பின்னால் விட்டுப் படகை மெதுவாக்கும் கூம்புகள் கட்டிய கயிறு) பலமான கண்ணி போடுங்கள். 10,000 பவுண்டு படகுக்கு ஏறத்தாழ 100 கூம்பு. கயிற்றில் வரும் இழுவை படகின் எடையில் முக்கால் பங்கு வரை போகலாம். கயிறு கட்டும் சாதாரணக் கிளீட்டை நம்பினால் கிளீட்டோடு டெக்கும் போகும். 'ஆ'வில் பின்பக்கம் திறந்து மடங்கும் குளியல் மேடை இருக்கிறதா? டிரோக் போட்டால் அலை அமரத்தின் மேல்தான் ஏறும். அந்த மேடையின் கொண்டியையும், காக்பிட்டிலிருந்து உள்ளே போகும் பலகைகளையும் உள்ளிருந்து பூட்ட முடிகிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

---

வாடைப்பாய்

மேடை இருக்கிறது. கொண்டி பிளாஸ்டிக். சனிக்கிழமை கரையேற்றுகிறார்கள், சுத்தியலோடு போகிறேன்.